சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர்

கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதியில் பூபதிராஜாவின் வீட்டில் அந்த மே மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். எந்த ஓட்டல்? கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, தேங்காய் போட ஆள் கிடைக்கவில்லை, கள்ளு மரங்களைக் குத்தகைக்குக் கேட்டு வந்தவன் வந்து வந்து திரும்பிப் போனான். எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. கொச்சிப் பக்கத்துத் தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவாகி, தேதியும் குறித்தாகிவிட்டது. தங்குகிற இடம்தான் பூபதிராஜாவின் மனைவி ஜீவிதாவுக்குத் திருப்தியாக அமையவில்லை. போன வருஷம் அவளுடைய தங்கச்சி இதே பார்க்குக்குப் போய், நட்சத்திர ஓட்டல் ஒன்றில் தங்கி, குளியல் தொட்டியைக்கூட விடாமல் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அதைவிட ஒரு படியாவது உசத்தியாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சுற்றுலா. ஜீவிதாவுக்கு அது கணக்குத் தீர்ப்பது.

தேடுகிற வேலை தமிழ்ப்ரியாவின் தலையில் விழுந்தது. அவள் பூபதிராஜாவின் தங்கை. சித்தூர் காலேஜில் பி.காம். படித்தவள். திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டதும், இடுப்பில் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வந்தவளை யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாடு கறப்பாள், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவாள், சமைப்பாள், தர்ஷனுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் கொடுத்தால் வேலைக்காரி என்று ஆகிவிடும் என்பதால் அண்ணன் சம்பளம் கொடுப்பதில்லை. அவ்வளவு பாசம்.

தர்ஷன் ஜீவிதாவின் ஒரே பையன். தமிழ்ப்ரியாவின் மகள் சஷ்மிதா அவனைவிட மூன்று வயது சின்னவள். மாமன் மகனும் அத்தை மகளும் ஒரே வீட்டில் வளர்ந்தால் வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? காது குத்து, சீர் என்று எதற்காவது சொந்தக்காரர்கள் வந்தால், "ஏன்டா, உன்ற முறைப்பொண்ணு எங்கடா?" என்று பையனைச் சீண்டுவார்கள். பையன் வெட்கப்பட்டு ஓடுவான். ஜீவிதாவின் முகம் புளித்துப்போகும். தமிழ்ப்ரியா தலையைக் குனிந்துகொண்டு காப்பி கொடுப்பாள், ஆனால் அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டும் வளர்ந்து ஒன்றை ஒன்று கட்டிக்கொள்ளும் என்று அவள் கனவு காணவில்லை, அவ்வளவு பைத்தியக்காரி அல்ல. அந்த முறை என்கிற பேச்சு இருக்கிற வரைக்கும் தன் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓர் உரிமை இருக்கும், ஒண்ட வந்த பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தனக்குக் கிடைக்காத இடம் மகளுக்காவது கிடைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

அதனால்தான் அந்தக் காரில் சஷ்மிக்கு ஒரு சீட் கிடைப்பது அவளுக்கு உயிர்ப் பிரச்னையாக இருந்தது. குடும்பத்தோடு போகிறார்கள் என்றால், குடும்பம் என்பது யார் யார்?

"ஏனுங்கண்ணி, நாங்களும் வரட்டுங்களா?" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"நீ வந்துட்டா மாட்டை ஆரு பாக்கறது?" என்றாள் ஜீவிதா. "ரெண்டு நேரம் பால் ஊத்தலீன்னா சொசைட்டில என்ன நெனப்பாங்க?"

"நான் இருந்துக்கறனுங். சஷ்மி மட்டும்?"

"பாக்கலாம், பாக்கலாம். ரூம் எப்படிக் கெடைக்குதோ."

பாக்கலாம் என்று ஜீவிதா இரண்டு தடவை சொன்னால் இல்லை என்று அர்த்தம். சஷ்மி அதற்குள் பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரிடமும் பெரிய ராட்டினத்தில் ஏறப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

தமிழ்ப்ரியா தேடினாள். சோறு வேகும்போதும், மாடு தண்ணீர் குடிக்கும்போதும், கையில் போன்தான். காயலோரம் ஒரு ஓட்டல் பிடித்துக் காட்டினாள். நீச்சல் குளம் ரோட்டிலிருந்து தெரிகிறது என்று ஜீவிதா தள்ளிவிட்டாள். பார்க்குக்கு எதிரிலேயே ஒன்று காட்டினாள். அங்கே பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டமெல்லாம் தங்கும் என்றாள். மூன்றாவதாக ஒன்று, கூரையில் ரெஸ்டாரண்டு, ராஜா வீட்டுக் கட்டில். ஜீவிதா மயங்கிப்போய்ப் படம் படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில், "இது தங்கச்சி போன ஓட்டலுக்குப் பக்கத்துலயா? அப்ப அவளப் பாத்துத்தான் நாங்க போனோம்னு சொல்லுவா, வேண்டாம்," என்றாள்.

ஜீவிதாவின் அம்மா மருதாத்தாள் வேறு முன்கூட்டியே பொள்ளாச்சியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். அவளும் அவள் புருஷனும் பயணத்தில் உண்டு. அவள் பங்குக்கு, "காலைல இட்டிலி கெடைக்குமான்னு கேளு. புட்டும் கடலையும் தின்னுட்டு நான் அந்த ஆட்டத்துல ஏறுனா என்ன ஆகறது?" என்றாள். ஏறப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் தமிழ்ப்ரியா ஒவ்வொரு ஓட்டலுக்கும் போன் போட்டு இட்டிலியைப் பற்றி விசாரித்தாள்.

அப்படி விசாரிக்கும்போதுதான் அந்த நாலாவது ஓட்டல் கிடைத்தது. ஏரிக்கரையில் மாளிகை மாதிரி ஒரு கட்டடம். பார்க்குக்கு அவர்களே காரில் கொண்டுபோய் விடுவார்கள், வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். குடும்பத் தொகுதி என்று ஒரு பெரிய அறை. அதை எடுத்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர், நாலு பேருக்கும் டிக்கெட்டும் சாப்பாடும் அதிலேயே அடங்கும். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஓர் அறை போட்டுக்கொள்ளலாம். தமிழ்ப்ரியா திரும்பத் திரும்பப் படித்தாள். அண்ணனுக்கு ஒரு பிள்ளைதான். இன்னொரு பிள்ளையின் இடம் சும்மா கிடக்கிறது. கட்டில் உண்டு, தட்டு உண்டு, ராட்டினத்தில் சீட்டு உண்டு, பிள்ளைதான் இல்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஓட்டலுக்குப் போன் போட்டாள். டின்சி என்று ஒரு பெண் எடுத்தாள். இட்டிலி உண்டு, சாம்பாரும் உண்டு என்று மலையாளத்தில் கொஞ்சலாகச் சொல்லிவிட்டு, "குட்டிகள் ரண்டும் அவருடெ சொந்தம் குட்டிகளல்லே சேச்சீ? பாக்கேஜ் அங்ஙனெயா," என்று கேட்டாள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சலுகை, உறவுக்காரப் பிள்ளை என்றால் தனிக் கட்டணம்.

தமிழ்ப்ரியா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதே, ரண்டும் அவருடெ சொந்தம் குட்டிகள் தன்னெ," என்றாள். தமிழில் கேட்டிருந்தால் நாக்கு இடறியிருக்கும். மலையாளத்தில் அது வேறு யாருடைய வீட்டுச் சங்கதியோ போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. போனை வைத்தபோது கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டோம் என்றுதான் நினைத்தாள், பாவம்.

ஜீவிதா அதைக் கேட்டதும் முதலில் புருவத்தைத் தூக்கினாள். தனியாகச் செலவு இல்லை, அறையில் நெருக்கடி இல்லை, சொந்தக்காரர்கள் மத்தியில் நாத்தனார் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போன பெரிய மனசு என்ற பேர் வேறு. மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு எதையோ யோசித்தவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவத்திக்கு, ஓட்டல்ல, என்னய அம்மான்னு கூப்பிடோணுமல்ல?" என்றாள்.

"ஆமாங்கண்ணி. சொல்லிக் குடுத்தர்றனுங்."

"அவர அப்பான்னு. தர்ஷன அண்ணான்னு."

"சொல்லிக் குடுத்தர்றனுங்," என்றாள் தமிழ்ப்ரியா மறுபடியும்.

"நீ கெட்டிக்காரிதான் ப்ரியா," என்று ஜீவிதா சிரித்தாள். அந்த வீட்டில் தமிழ்ப்ரியாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பயிற்சி அன்றைக்கே ஆரம்பித்தது. ஓட்டல்காரர்கள் முன்னால் பிள்ளை உளறி வைத்தால் மானம் போய்விடும் என்று மருதாத்தாள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் டிவி ஓடாத நேரத்தில் சஷ்மியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "உங்கம்மா ஆருடி?" என்பாள். பிள்ளை பழக்கதோஷத்தில் சமையல்கட்டைப் பார்க்கும். எல்லோரும் சிரிப்பார்கள். தர்ஷன் உருண்டு உருண்டு சிரிப்பான். "போச்சு, போ. இவள அவத்திக்கே உட்டுட்டு வந்தர்லாம்," என்பாள் மருதாத்தாள். பிள்ளைக்குக் கண் கலங்கிவிடும். தமிழ்ப்ரியா சமையல்கட்டிலிருந்தே, "அத்தையக் காட்டு சாமி, அத்தைய அம்மான்னு சொல்லு. அப்பத்தான் பார்க்குக்குக் கூட்டீட்டுப் போவாங்க," என்று கெஞ்சுவாள்.

அம்மா என்பதில்தான் தகராறு. அப்பா என்ற சொல் முதல் தடவையே சுளுவாக வந்துவிட்டது. அதைச் சொல்லிக் கூப்பிட இதுவரை அவளுக்கு ஆள் இருந்ததில்லை. "அப்பா" என்று பூபதிராஜாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தானே சிரித்தாள், இன்னொரு தடவை சொன்னாள், காரணமில்லாமல் மூன்றாவது தடவையும் சொன்னாள். பூபதிராஜா, "ஏஞ்சாமி?" என்று கேட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தான். தமிழ்ப்ரியாவுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் என்னவோ கிள்ளவும் செய்தது.

அண்ணா என்பதும் சீக்கிரம் பழகிவிட்டது. அதுவரை அவனை, "தர்ஷா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, பந்து குடுங்ணா," என்று அவள் கேட்டபோது ஜீவிதா கையில் இருந்த சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நல்லாருக்குது," என்றாள். தமிழ்ப்ரியாவும், "ஆமாங்கண்ணி, நல்லாருக்குதுங்," என்றாள்.

அம்மா மட்டும் வழிக்கு வரவில்லை. காலையில் எழுந்ததும் பிள்ளை, "அம்மா" என்று தமிழ்ப்ரியாவின் முந்தானையைப் பிடித்துவிடும். போகிற நாள் நெருங்க நெருங்கத் தமிழ்ப்ரியாவுக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ? அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சஷ்மி அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். பிள்ளை கூப்பிடும், இவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பிள்ளை பக்கத்தில் வந்து தோளைப் பிடித்து உலுக்கும், இவள் சுவரைப் பார்ப்பாள். "அம்மா, பசிக்குதுங்மா," என்று அழும். "உங்கம்மா உள்ள இருக்கறாங்க, போய்க் கேளு," என்பாள். பிள்ளை ஜீவிதாவிடம் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, பசிக்குதுங்," என்று கேட்டது. ஜீவிதா ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முழுசாகக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பிள்ளை தப்புப் பண்ணவில்லை. பெற்றவளே பிள்ளையை இப்படிப் பழக்கினாள் என்றால் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். பழக்கினாள்.

விடிகாலையில் கார் கிளம்பியது. முன் சீட்டில் பூபதிராஜா, நடுவில் ஜீவிதாவும் இரண்டு பிள்ளைகளும், பின்னால் பெரியவர்கள் இரண்டு பேர். சஷ்மி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தமிழ்ப்ரியா பால் கேனோடு வாசலில் நின்று கையாட்டினாள். பிள்ளை பதிலுக்குக் கையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, "போய்ட்டு வர்றனுங்," என்று மட்டும் சொன்னது. எந்த உறவும் சொல்லிக் கூப்பிடவில்லை. எவ்வளவு புத்திசாலிக் குழந்தை என்று தமிழ்ப்ரியா பூரித்துப்போனாள்.

போன இடத்திலிருந்து போன் வரவில்லை. ஜீவிதாவின் ஸ்டேட்டஸ்தான் வந்தது. மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து தமிழ்ப்ரியா அதைப் பார்த்தாள். ஓட்டல் வாசலில் நெற்றியில் சந்தனத்தோடு எல்லோரும். வெள்ளை மெத்தையில் குதிக்கிற பிள்ளைகள். நீச்சல் குளத்தில் பூபதிராஜாவின் தோள்மேல் சஷ்மி. நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் ஓட்டலின் பேர். சஷ்மிக்கும் ஒன்று வாங்கியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிற முகமா என்று தேடினாள். இல்லை. அப்படிச் சிரித்து அந்தப் பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை.

கீழே ஜீவிதா எழுதியிருந்தாள்: என் குடும்பம். தங்கச்சி அதற்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இதயத்தைப் போட்டிருந்தாள். பால் சொசைட்டியில் வரிசையில் நின்றபோது பக்கத்துத் தோட்டத்துக்காரி, "உங்கண்ணனுக்கு ரெண்டு புள்ளைங்களா?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள். "ஆமாங்," என்று தமிழ்ப்ரியா சிரித்தாள். பிள்ளை காருக்குள் இடம் பிடித்துவிட்டது, படத்துக்குள்ளும் இடம் பிடித்துவிட்டது. இனி யார் அசைக்க முடியும்?

மூன்றாம் நாள் மத்தியானம், பால் கறக்கிற நேரத்துக்குக் கார் வந்து நின்றது. தமிழ்ப்ரியா சாணி கூட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவு திறந்து சஷ்மி இறங்கினாள். அதே பனியன், தலையில் ஒரு தொப்பி, கையில் பொம்மை.

"சாமி!" என்று தமிழ்ப்ரியா கையை நீட்டினாள்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது. "சாணியா இருக்குதுங்," என்றது. பின்னால் திரும்பி, "அம்மா, என்ற பை காருக்குள்ள இருக்குதுங்," என்றது ஜீவிதாவிடம்.

தமிழ்ப்ரியா சிரித்தாள். "போதுஞ் சாமி, ஓட்டல் முடிஞ்சுபோச்சு. அம்மா இங்க நிக்கறன் பாரு."

சஷ்மி அவளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு பார்வை. கிழிந்த நைட்டி, முழங்கால் வரைக்கும் சாணி, அவிழ்ந்த கொண்டை. மூன்று நாளாக வாசனைத் திரவியம் மணக்கிற அம்மாவோடு இருந்துவிட்டு வந்த பிள்ளை. அந்த முகம் வாடியது. கிடைத்ததைப் பிடுங்கிக்கொள்ள வந்தவளைப் பார்க்கிற முகம் அது. பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஜீவிதாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றது, இன்னும் மெல்லிய குரலில்.

தமிழ்ப்ரியா அறைந்துவிட்டாள். தொப்பி பறந்துபோய் விழுந்தது. அதுவரை அந்தப் பிள்ளையை அவள் அடித்ததே கிடையாது. சஷ்மி வீறிட்டுக்கொண்டு ஜீவிதாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ, புள்ளய எதுக்குடி அடிக்கற?" ஜீவிதா குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "நீ சொல்லிக் குடுத்தது தான? அது என்ன பண்ணும்?" கன்னத்தைத் தடவிவிட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மருதாத்தாள், "கூட்டீட்டுப் போனதுக்கு நமக்கு இது வேணும்," என்று முனகிக்கொண்டே படி ஏறினாள்.

பிள்ளையின் விசும்பல் அடங்குகிற வரைக்கும் ஜீவிதா காத்திருந்தாள். பிறகு கீழே இறக்கிவிட்டாள். "இனி என்னய அம்மான்னு கூப்பிட வேண்டாங் கண்ணு. அது ஓட்டலுக்கு. நான் உனக்கு அத்தை. செரியா? அவங்கதான் அம்மா."

தமிழ்ப்ரியாவுக்கு மூச்சு வந்தது. அண்ணியின் காலில் விழலாம் போல இருந்தது. எவ்வளவு நல்லவள், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அந்த ஒரு கணத்துக்குள் நினைத்தும்விட்டாள்.

"மாமன மாமான்னே கூப்பிடு," என்றாள் ஜீவிதா, பிள்ளையின் பனியனை இழுத்துச் சரிசெய்துகொண்டே. "தர்ஷன மட்டும் அண்ணான்னே கூப்பிட்டுக்க. வாய் நெறயக் கூப்பிட்டுப் பழகிட்ட. அத மாத்த வேண்டாம்."

தமிழ்ப்ரியா வாயைத் திறந்தாள். "அண்ணி, அது எப்படீங்... மாமன் மகனப் போயி அண்ணான்னு..."

"ஏன், கூடப் பொறந்தவனாட்டப் பாத்துக்குவான். ஊர்ல ஆரும் அந்த மொறைப் பேச்சப் பேச மாட்டாங்க பாரு இனி." பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பூபதிராஜாவைப் பார்த்து, "என்னங்க?" என்றாள்.

"ஆமா, அதுல என்ன இருக்குது," என்றான் பூபதிராஜா. அவனுக்கு வெயிலில் கை கடுத்தது. உள்ளே போய்விட்டான்.

தமிழ்ப்ரியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜீவிதா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தது, "நல்லாருக்குது" என்று சேலையை மடிக்காமல் நின்றது, எல்லாம். இனி சஷ்மி அத்தைக்கு மகளும் இல்லை, அத்தை மகனுக்கு முறைப்பெண்ணும் இல்லை. அப்படி ஒரு சொந்தம் ஊரில் யாருக்கும் கிடையாது. ஒண்ட வந்த பிள்ளைக்கு மட்டும்தான் உண்டு. அந்த முறையை யாரும் தமிழ்ப்ரியாவிடமிருந்து பிடுங்கவில்லை. பசித்த பிள்ளையைச் சுவரைப் பார்த்துக்கொண்டு துரத்தித் துரத்தி அவளேதான் சொல்லிக்கொடுத்தாள்.

"செரியா கண்ணு?" என்றாள் ஜீவிதா.

"செரிங்கத்தை," என்று சஷ்மி தலையாட்டினாள். சொன்னபடி சொன்னால் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். விழுந்து கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய், "அண்ணா, நில்லுங்ணா," என்று தர்ஷனின் பின்னால் வீட்டுக்குள் ஓடினாள்.